ஒட்டுப் போட்ட பாவாடை

ஒட்டுப் போட்ட துணி என்றாலே நமக்குக் கொஞ்சம் கூச்சந்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பையனின் கால்சட்டை கிழிந்துவிட்டால், ஒட்டு வெளியே தெரியாதபடி உள்பக்கமாக வைத்துத் தைக்கிறோம். நூலின் நிறம் துணியின் நிறத்தோடு ஒத்துப் போக வேண்டுமே என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். "அடடே, ஒட்டுப் போட்டதே தெரியவில்லையே!" என்று யாராவது சொல்லிவிட்டால் தையற்காரருக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி.

இதற்கு நேர் எதிராக, ஒட்டு பளிச்சென்று தெரியவேண்டும், எத்தனை ஒட்டு உண்டோ அத்தனைக்கத்தனை சிறப்பு என்று ஒரு தேசத்துப் பெண்கள் ஒரு காலத்தில் முடிவு கட்டினார்கள். ஒட்டுத் துணிகளாலேயே பாவாடை தைத்து, திருநாளும் பெருநாளுமாக அதை உடுத்திக்கொண்டு வீதியில் ஊர்வலமும் வந்தார்கள். அவர்களில் பலர் வசதியான வீட்டுப் பெண்கள். ஏழ்மைக்கு அடையாளமான ஒட்டுத் துணியைத் தேசத்தின் விழா உடையாக ஆக்கியவர்கள் அவர்கள்.

அந்தத் தேசம் ஹாலந்து. அந்த உடைக்கு அவர்கள் இட்ட பெயர் "தேசிய விழாப் பாவாடை". இரண்டாவது உலக யுத்தம் முடிந்த கையோடு பிறந்த உடை அது. அதன் கதையைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன். கதை பாவாடையைப் பற்றியதுதான். ஆனாலும் இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானையும் தேவைப்படும்.

கொரெல்லி தெரு, 6ஆம் எண்

1940ஆம் வருஷம் மே மாதம் 10ந் தேதி ஹிட்லரின் படைகள் ஹாலந்துக்குள் நுழைந்தன. நாலே நாட்களில் ராட்டர்டாம் நகரத்தின் மத்திய பகுதி குண்டு வீச்சில் சாம்பலாயிற்று. ஐந்தாம் நாள் நாடு சரணடைந்தது. ராணி வில்ஹெல்மினா லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். மக்களோ எங்கே போவார்கள்? ஐந்து வருஷம் அந்நிய ஆட்சியின் கீழ் அகப்பட்டுக் கிடந்தார்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் கொரெல்லி தெரு 6ஆம் எண் வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. குடும்பத் தலைவியின் பெயர் மீஸ் ப்வாஸவேன். 1896ல் பிறந்தவர்; ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். வாயில் நுழைய மறுக்கும் பெயர்தான். ஆகையால் நாம் மீஸ் அம்மாள் என்றே சொல்லிக்கொள்ளலாம். நாலு பேர் வந்து போகும் வீடு. யுத்தம் வந்ததும் அங்கே வந்து போகிறவர்களின் தன்மையே மாறிவிட்டது. ஜெர்மானியருக்குத் தப்பி ஒளிந்தவர்களுக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்தது. மூத்த பிள்ளை யான் கரலும் அடுத்தவன் கிடியனும் நண்பர்களோடு சேர்ந்து எதிர்ப்பு இயக்கம் ஒன்றை நடத்தினார்கள். அதன் பெயர் "ஸி.எஸ். 6". பெயருக்குப் பொருள் தேடி அகராதியைப் புரட்ட வேண்டாம்; வீட்டு விலாசத்தின் சுருக்கந்தான் அது என்று சொல்வார்கள்!

1943 ஆகஸ்டில் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. பிள்ளைகள் கைதானார்கள். தாயும் கைதானார். அக்டோபர் மாதம் முதல் தேதி, யான் கரலும் கிடியனும் தோழர்கள் பலரோடு ஒவெர்வேன் என்ற இடத்துக் கடற்கரை மணல் மேட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூத்தவனுக்கு வயது 23. இளையவனுக்கு 22.

மீஸ் அம்மாளைச் சிறையிலிருந்து ஃபுஹ்ட் என்ற முகாமுக்கும், பிறகு ஜெர்மனியில் ராவன்ஸ்ப்ரூக் என்ற பெண்கள் முகாமுக்கும் கொண்டு போனார்கள். அங்கிருந்து உயிரோடு மீண்டது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும். கணவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விடுதலைக்குச் சில மாதங்களே இருக்கையில், 1945ன் தொடக்கத்தில், புகென்வால்ட் முகாமில் அவர் இறந்துபோனார்.

இப்படிப்பட்ட ஒரு பெண்மணிதான், நாடு விடுதலை அடைந்ததும், "வாருங்கள், எல்லோரும் வர்ணப் பாவாடை தைப்போம்" என்று அழைத்தார். ஏன் அப்படி அழைக்கத் தோன்றிற்று என்பதுதான் கதையின் உயிர்நாடி.

சலவை மூட்டையில் வந்த துணி

1943ல் ஆம்ஸ்டர்டாம் சிறையில் மீஸ் அம்மாள் அடைபட்டுக் கிடந்தபோது, வெளியிலிருந்து சலவைத் துணி வந்தது. சிறைக்குள் கடிதம் போக முடியாது. பலகாரம் போக முடியாது. அழுக்குத் துணி வெளியே போகலாம், வெளுத்த துணி உள்ளே வரலாம். அந்த மூட்டைக்குள் மறைவாக ஒரு கழுத்துத் துணி இருந்தது. சின்னஞ்சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த துணி.

கையில் எடுத்துப் பார்க்கிறார் அந்த அம்மாள். ஒவ்வொரு துண்டும் தெரிந்த துண்டு! பிள்ளைகள் போட்டுக்கொண்ட உடையிலிருந்து ஒன்று. வேண்டிய சிநேகிதியின் உடையிலிருந்து ஒன்று. தாமே உடுத்திய பழைய கவுனிலிருந்து ஒன்று. நெருங்கினவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு துண்டாகச் சிறைக்குள்ளே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நேயர்களே, இதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டியின் பழம்புடவையில் தூளி கட்டி வளர்ந்தவர்கள்தாமே நாம்! மெத்தென்ற புதுத் துணி எத்தனை இருந்தாலும், பாட்டி உடுத்திய நூற்புடவையின் மென்மைக்கும் வாசனைக்கும் ஈடாகுமா? பழந்துணிக்கு ஆட்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சக்தி உண்டு. படத்தைப் பார்த்தால் முகந்தான் தெரியும். துணியைத் தொட்டால் ஆளே அருகில் வந்துவிடுவது போல இருக்கும்.

சிறையில் கிடைத்த அந்தக் கழுத்துத் துணியை மீஸ் அம்மாள் மறக்கவில்லை. யுத்தம் முடிந்து, இழந்தவர்களையெல்லாம் இழந்து, திரும்பி வந்த பிறகும் மறக்கவில்லை. நண்பர்கள் ஒருத்திக்குச் செய்ததை ஒரு நாடே தனக்குச் செய்துகொண்டால் என்ன என்று எண்ணினார்.

எப்படித் தைப்பது?

அப்போது ஹாலந்து இருந்த நிலையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1944-45 குளிர்காலத்தில் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம். துலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். 1945 மே 5ந் தேதி விடுதலை வந்தது; ஆனால் கூடவே துணி வரவில்லை. யுத்தம் முடிந்து சில வருஷங்கள் வரை துணிக்கு ரேஷன்தான். கூப்பன் இல்லாமல் புதுத்துணி கிடையாது. புதுப் பாவாடை தையுங்கள் என்றால் யாரால் முடியும்? பழைய துணியில் தையுங்கள் என்றால் எல்லோராலும் முடியும்.

1946, 47ஆம் வருஷங்களில் மீஸ் அம்மாளும் அவரோடு சேர்ந்த பெண்களும் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள். விதிகள் அதிகமில்லை. கைவேலையில் ஆசையுள்ள சகோதரிகளுக்காக அவற்றை விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பழைய பாவாடை வேண்டும். அதுதான் அஸ்திவாரம். அதன்மேல் துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணையும்படி வைத்துத் தைக்கவேண்டும். எந்தத் துணி என்று கேட்கிறீர்களா? கடையில் மிஞ்சிய வெட்டுத் துணி உதவாது. ஏதாவது ஒரு ஞாபகம் ஒட்டிக்கொண்டிருக்கும் துணியாக இருக்கவேண்டும். குழந்தையின் சட்டையாக இருக்கலாம், கல்யாண உடையாக இருக்கலாம், இறந்துபோனவரின் உடையாகவும் இருக்கலாம். துண்டின் அளவு, நிறம், வடிவம் எல்லாம் தைக்கிறவள் இஷ்டம்.

கீழோரத்தில் மாத்திரம் எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. சுற்றிலும் ஒரே நிறத்தில் முக்கோணங்களாக வைத்துத் தைக்கவேண்டும். முன்பக்கம் நடுவில் உள்ள முக்கோணத்தில் விடுதலை நாளான 1945 மே 5ந் தேதியைப் பூத்தையலில் எழுதவேண்டும். மற்ற முக்கோணங்கள் காலியாக இருக்கும். ஒவ்வொரு தேசிய விழாவுக்கும் பாவாடையை உடுத்துகிறபோது அந்த வருஷத்தை ஒரு முக்கோணத்தில் தைத்துக்கொள்ளலாம். வீட்டில் பிள்ளை பிறந்தது, பெண்ணுக்குக் கல்யாணமானது என்று சொந்தத் தேதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, பாவாடை தைத்து முடிவதே இல்லை. ஆயுள் உள்ளவரை வளர்ந்துகொண்டே போகும். இதனால் அதற்கு "வாழ்க்கைப் பாவாடை" என்றும் ஒரு பெயர் உண்டு.

தைத்து முடித்ததும் ஆம்ஸ்டர்டாமில் இருந்த சர்வதேசப் பெண்கள் இயக்க ஆவணக் காப்பகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பாவாடைக்கு முத்திரையும் உண்டு. வரிசை எண்ணும் உண்டு. நிலத்துக்குப் பட்டா வாங்குவது போல, பாவாடைக்கும் பட்டா! இப்படிப் பதிவானவை சுமார் 4,000. பதிவு செய்யாமல் தைத்து உடுத்தியவர்களும் இருந்தார்கள்.

அந்தக் காப்பகத்துக்கும் ஒரு கதை உண்டு. 1935ல் மூன்று பெண்மணிகள் சேர்ந்து தொடங்கியது அது. 1940ல் ஜெர்மானியர்கள் அதைப் பூட்டி, புத்தகங்களையும் கடிதங்களையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான ரோஸா மானுஸ் என்ற யூதப் பெண்மணி, நாஜிகள் கையில் அகப்பட்டு உயிரிழந்தார். வெறும் அலமாரிகளோடு நின்ற அந்த நிலையந்தான் யுத்தத்துக்குப் பின் பெண்களின் ஒட்டுப் பாவாடைகளுக்கு எண் கொடுத்துக் கணக்கு வைத்தது. கொள்ளை போன கடிதங்களில் ஒரு பகுதி மாஸ்கோவில் இருப்பது 1992ல் தெரியவந்து, 2003ல்தான் ஊர் திரும்பிற்று.

டச்சுக்காரரின் சிலேடை

இயக்கம் என்றால் கோஷம் இல்லாமல் இருக்குமா? "பழையதிலிருந்து புதியது" என்பது ஒன்று. "இடிபாட்டிலிருந்து எழுப்புவோம்" என்பது மற்றொன்று. மூன்றாவது கோஷத்தைக் கேட்டால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும்: "பன்மையில் ஒருமை". நம் தேசத் தலைவர்கள் மேடைதோறும் சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடச் சுவர்களிலெல்லாம் எழுதி வைத்திருக்கிறோமே, வேற்றுமையில் ஒற்றுமை என்று, அதேதான்!

நான்காவது கோஷம் காளமேகப் புலவர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். "ஏன் ட்ராக்ட்" என்று பிரித்துச் சொன்னால் டச்சு மொழியில் "ஒரே உடை" என்று அர்த்தம். "ஏன்ட்ராக்ட்" என்று சேர்த்துச் சொன்னால் "ஒற்றுமை" என்று அர்த்தம். ஒற்றுமையே பலம் என்பது அவர்களுடைய பழைய வாசகம். அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, "ஒரே உடை ஒற்றுமை தரும்" என்று சிலேடையாக வைத்துக்கொண்டார்கள்.

ஒரே உடை என்கிறார்களே, ஒரே மாதிரி இரண்டு பாவாடை உண்டா என்றால், கிடையவே கிடையாது. நாலாயிரம் பாவாடையும் நாலாயிரம் மாதிரி. கீழோரத்து முக்கோணம் ஒன்றுதான் பொது. இந்த நுட்பத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். அதற்கு முன் ஐந்து வருஷமாக ஐரோப்பா முழுதும் ஒரே மாதிரி சட்டை போட்டு, ஒரே மாதிரி கையை உயர்த்துவதைத்தான் ஒற்றுமை என்று ஹிட்லரின் ஆட்கள் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிறையிலும் முகாமிலும் கிடந்துவிட்டு வந்த பெண்மணி சொன்ன ஒற்றுமை வேறு: உன் துணி உன்னுடையதாகவே இருக்கட்டும்; ஓரத்தை மட்டும் சேர்த்துத் தைப்போம்.

ஹாலந்து தேசத்துக்கு இந்த உபதேசம் மிகவும் அவசியமாகவும் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சின்ன நாடு. உள்ளே போய்ப் பார்த்தால் நாலு நாடு. கத்தோலிக்கர் ஒரு பக்கம், பிராட்டஸ்டண்டுகள் ஒரு பக்கம், சோஷலிஸ்டுகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். அவரவர்க்குத் தனிப் பள்ளிக்கூடம், தனிப் பத்திரிகை, தனித் தொழிற்சங்கம்; ரேடியோ சங்கங்கூடத் தனித்தனி! யுத்தத்தின்போது எல்லோரும் ஒரே சிறையில் கிடந்தார்கள். இனி இந்தத் தடுப்புச் சுவர்கள் இராது என்று பலர் நம்பினார்கள். ஆனால் 1946ல் தேர்தல் நடந்தபோது ஜனங்கள் பெரும்பாலும் அவரவர் பழைய வரிசையில் போய் நின்றுகொண்டார்கள். அரசியல்வாதிகள் சேர்க்க முடியாததைத் தையல் ஊசியாவது சேர்க்குமா என்று பெண்கள் பார்த்தார்கள்.

1948 செப்டம்பர் மாதம் ராணி வில்ஹெல்மினா பட்டத்துக்கு வந்து 50 வருஷம் நிறைந்த வைபவம் நடந்தது. அதில் ஏறக்குறைய 1,500 பெண்கள் தங்கள் விழாப் பாவாடையை உடுத்திக்கொண்டு அணிவகுத்துச் சென்றார்கள். பாவாடைக்கென்றே ஒரு பாட்டு உண்டு, அதையும் பாடினார்கள். எத்தனை செத்தவர்களின் சட்டையும் எத்தனை குழந்தைகளின் கவுனும் அன்று வீதியில் ஆடி அசைந்து போயிருக்கும்! கறுப்புத் துணி உடுத்தித் துக்கம் காக்க வேண்டிய பெண்கள், துக்கத்தையே வர்ண வர்ணமாக வெட்டித் தைத்து உடுத்திக்கொண்டு போனார்கள்.

யாருடைய துண்டு இல்லை?

கதையை இங்கே முடித்து மங்களம் பாடிவிடலாம். ஆனால் அது நியாயமாகாது. ஒற்றுமை என்ற பெயரில் ஒரு துணியை விரித்துக் காட்டினால், அதில் யாருடைய துண்டு இருக்கிறது என்று பார்ப்பதோடு, யாருடைய துண்டு இல்லை என்றும் பார்க்கவேண்டும் அல்லவா?

முதலாவது, யூதர்கள். யுத்தத்துக்கு முன் ஹாலந்தில் ஏறக்குறைய 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பல குடும்பங்களில் ஞாபகத்துக்கென்று துண்டுத் துணி எடுத்து வைக்க ஆளும் இல்லை, துணியும் இல்லை. வீடு வாசலோடு பெட்டி பேழையும் கொள்ளை போய்விட்டது. உயிர் தப்பித் திரும்பியவர்களுக்கு ஊரில் கிடைத்த வரவேற்பும் சுகமாக இல்லை. அவர்கள் முகாமில் கிடந்த காலத்துக்கு மனை வாடகை பாக்கி என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சி பணம் கேட்டு, தாமதத்துக்கு அபராதமும் போட்ட கொடுமை நடந்திருக்கிறது. அது அம்பலமாகி, 2016ல் அந்த நகரம் யூத சமூகத்துக்கு 1 கோடி யூரோ ஈடு கொடுத்தது. விழாப் பாவாடையின் பளபளப்பில் இதெல்லாம் தெரியவில்லை.

இரண்டாவது, நம் அண்டை வீட்டுக்காரர்களான இந்தோனேஷியர்கள். இது ஆசியாவில் பிறந்த நம் கண்ணில் படாமல் இருக்குமா? 1945 ஆகஸ்ட் 17ந் தேதி இந்தோனேஷியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஐந்து வருஷம் அடிமைத்தனம் எப்படி இருக்கும் என்று அநுபவித்துவிட்டு வந்த அதே ஹாலந்து, அதை ஏற்றுக்கொள்ளாமல் கப்பல் கப்பலாகப் படையை அனுப்பிற்று. 1947 ஜூலையில் ஒரு படையெடுப்பு. 1948 டிசம்பரில் இன்னொன்று. பாவாடை ஊர்வலம் நடந்த 1948 செப்டம்பர், இரண்டுக்கும் நடுவே வருகிறது! விடுதலைத் தேதியை ஒரு பக்கம் பூத்தையலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மறு பக்கம் இன்னொரு ஜனசமூகத்தின் விடுதலைத் தேதியை அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1949 ஜனவரியில் நேரு தில்லியில் மாநாடு கூட்டி இந்தோனேஷியாவுக்காகக் குரல் கொடுத்தார். அந்த வருஷம் டிசம்பர் 27ந் தேதிதான் ஹாலந்து ஆட்சி உரிமையை ஒப்படைத்தது. அந்தப் போரில் அளவு மீறிய வன்முறை நடந்தது என்று டச்சுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் விதியின் விளையாட்டு ஒன்றும் உண்டு. சுதந்திர இந்தோனேஷியா 1950ல் தன் கருட முத்திரையில் ஒரு வாசகத்தைப் பொறித்துக்கொண்டது. பழைய ஜாவா மொழிக் காவியமொன்றிலிருந்து எடுத்த வாசகம். அர்த்தம் என்ன தெரியுமா? வேற்றுமையில் ஒற்றுமை! ஆண்டவர்கள் பாவாடையில் சொன்னதும் ஆளப்பட்டவர்கள் முத்திரையில் சொன்னதும் ஒன்றுதான். ஆனால் இரண்டு துண்டையும் சேர்த்துத் தைக்க அன்று எந்த ஊசியும் முன்வரவில்லை.

மூன்றாவது விஷயம், தைத்த பெண்களையே பற்றியது. நாட்டைத் திரும்பக் கட்டுவதில் பெண்களுக்கும் பங்கு வேண்டும் என்பதுதான் மீஸ் அம்மாளின் எண்ணம். எதிர்ப்பு இயக்கத்தில் ரகசியக் கடிதம் சுமந்தவர்களும், ஒளிந்தவர்களுக்குச் சோறு போட்டவர்களும் பெரும்பாலும் பெண்கள்தாமே? ஆனால் டச்சுச் சட்டப்படி, கல்யாணமான பெண் புருஷனுடைய சம்மதமின்றிச் சொந்தமாக ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. குழந்தைகளுக்கும் அவளுக்கும் சட்டத்தின் கண்ணில் அதிக வித்தியாசம் இல்லை. இந்த விதியை எடுத்தெறிய 1956 வரை ஆயிற்று. பாவாடையில் அவள் பெயருக்கு எண்ணும் முத்திரையும் கிடைத்தன. பாங்கில் அவள் கையெழுத்துக்கு மதிப்புக் கிடைக்கவில்லை. "அழகாகத் தைத்திருக்கிறாய், அம்மா, இனி அடுப்பங்கரைக்குப் போ" என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

மிச்சம் என்ன?

அப்படியானால் இந்தப் பாவாடை விவகாரமெல்லாம் வெறும் வேஷந்தானா என்று நேயர்கள் கேட்கலாம். தொண்ணூறு லட்சத்துக்கும் அதிகமான ஜனத்தொகையில் நாலாயிரம் பாவாடை என்ன சுண்டைக்காய் என்றும் கேட்கலாம். 1950க்குப் பிறகு உற்சாகம் மெள்ள மெள்ளக் குறைந்து, பாவாடைகள் பெட்டிக்குள் போய்விட்டதும் உண்மைதான். மீஸ் அம்மாள் 1965ல் காலமானார். பிறகு பல வருஷங்களுக்கு அந்த இயக்கத்தைப் பற்றிப் பேச்சே அதிகம் இல்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த நாட்களில் எழுப்பிய தோரணங்களும் வளைவுகளும் எங்கே போயின? மேடையில் முழங்கிய பிரசங்கங்கள் எங்கே? பாவாடைகள் மாத்திரம் இருக்கின்றன. பேத்திகள் பரணிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்திலும், எதிர்ப்பு இயக்க அருங்காட்சியகத்திலும் அவற்றை வைத்திருக்கிறார்கள். பாவாடைகளுக்கு எண் போட்ட பழைய காப்பகம் இன்று "அட்ரியா" என்ற பெயரில் நடந்து வருகிறது. சரித்திர ஆசிரியர்கள் அவற்றை எடுத்துவைத்துத் துண்டு துண்டாக ஆராய்கிறார்கள். ஒரு சாதாரணக் குடும்பப் பெண் எந்தத் தேதியை முக்கியம் என்று நினைத்தாள், யாரை மறக்கக்கூடாது என்று நினைத்தாள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஏது? அவள் டயரி எழுதவில்லை. பத்திரிகையில் கட்டுரை எழுதவில்லை. தைத்து வைத்தாள்.

தவிரவும், இந்த யோசனையைச் சொன்னவர் யார் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். துக்கம் தெரியாத ஒருவர் வந்து, "நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு ஒன்றாக இருங்கள்" என்று சொல்லியிருந்தால் நமக்குக் கோபம் வரும். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. மீஸ் அம்மாள் மறக்கச் சொல்லவில்லை. மறந்துபோகாமல் இருக்கும் துணியாகப் பார்த்து எடுங்கள் என்றார். இரண்டு பிள்ளைகளையும் கணவரையும் பறிகொடுத்த கையால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு அதைச் சொன்னார். அவர் கட்ட நினைத்த ஒற்றுமைக்கு ஞாபகந்தான் நூல்.

குறை எங்கே என்றால், அந்த நூல் போகவேண்டிய தூரம் போகவில்லை. பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் வரை போகவில்லை. கடல் கடந்து ஜாவா வரை போகவில்லை. இதற்காக நாம் டச்சுக்காரரைப் பார்த்துச் சிரிப்பதில் பயன் இல்லை. நாமும் விழா எடுக்கிறோம். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தைக்குப் பஞ்சாபி வேஷம், ஒரு குழந்தைக்கு வங்காளி வேஷம், ஒரு குழந்தைக்கு மலையாளி வேஷம் போட்டு வரிசையாக நிற்க வைத்து, கைதட்டி, மிட்டாய் கொடுத்து அனுப்புகிறோம். அழகாகத்தான் இருக்கிறது. எந்தக் குழந்தை வரிசையில் இல்லை, யாருடைய வீட்டுத் துணியைக் கேட்கவே நமக்குத் தோன்றவில்லை என்று அந்தக் கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தால் நல்லது.

கடைசியாக, சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் பழம்புடவையைப் பாத்திரக்காரனிடம் போடும் முன், யாருடையது அது, எந்த வருஷம் எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். ஒரு சாண் துணியாவது வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடி வீட்டு அம்மாளிடமும், எதிர்வீட்டுப் பாத்திமா பீவியிடமும், தெருக்கோடி மேரியம்மாளிடமும் ஆளுக்கொரு துண்டு கேளுங்கள். வாசல் பெருக்க வருகிறவளிடமும் மறக்காமல் கேளுங்கள். "என்னிடமா கேட்கிறீர்கள்?" என்று அவள் திகைத்து நின்றால், இத்தனை நாள் கேட்காமல் இருந்தது எத்தனை பெரிய கிழிசல் என்று தெரிந்துவிடும். ஒட்டை அங்கேயிருந்தே தொடங்குங்கள்.